பற்றாக்குறைக் கணக்கை யார் சரிபார்ப்பது?

பிப்ரவரி 1-ஆம் தேதி நிதியமைச்சர் உரையை முடித்ததுமே தொலைக்காட்சிகள் வருமான வரிக்கு ஓடிவிடுகின்றன. உரையோடு சேர்த்து நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் சில மெல்லிய அறிக்கைகளை யாரும் புரட்டுவதில்லை. பொருளாதாரம் எவ்வளவு வளரும், பற்றாக்குறை எவ்வளவு இருக்கும், அப்படிக் கணக்கிட என்ன ஆதாரம் என்பதை அரசு எழுதித் தர வேண்டிய இடம் அதுதான். 2003-இல் இயற்றப்பட்டு 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம் அப்படித்தான் கட்டளையிடுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கணிப்பை வெளியிடச் சொன்ன சட்டம், அதைச் சரிபார்க்க வெளியாள் எவரையும் வைக்கவில்லை. அதன் பலவீனங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து வந்தவை.

நிதிப் பற்றாக்குறையை ஜிடிபியில் 3 சதவீதமாகக் குறைப்பது இலக்கு. 2008-இன் உலக நிதி நெருக்கடியில் அது கிடப்பில் போனது. பிறகு 2012, 2015, 2018 என்று சட்டத்தைத் திருத்தித் திருத்தி, கெடு 2021 மார்ச் வரை தள்ளிப்போனது. அந்த நிதியாண்டில்தான் கோவிட் வந்து பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது. பெருந்தொற்றுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

2019-20 பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு 1,84,220 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1,08,688 கோடியாகச் சுருங்கியது. ரேஷன் அரிசி குறைந்துவிடவில்லை. விவசாயியிடம் ஆதார விலைக்கு வாங்கி மலிவாகக் கொடுக்கும் இந்திய உணவுக் கழகத்துக்கு இடையிலுள்ள நஷ்டத்தை மத்திய அரசு தர வேண்டும். அதற்குப் பதிலாகத் தேசிய சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும்படி கழகத்திடம் சொன்னார்கள். இந்த வழக்கம் 2016-17-லேயே தொடங்கியிருந்தது. தன் கைமாற்றை மைத்துனர் பேரில் எழுதிவைப்பது போன்ற ஏற்பாடு. அப்படியும் 2019-20-இன் பற்றாக்குறை மதிப்பீடு 3.3-இலிருந்து 3.8 சதவீதத்துக்கு உயர்ந்தது. விசேஷ சூழ்நிலையில் அரை சதவீதம் வரை இலக்கை மீறலாம் என்கிறது சட்டம். மதிப்பீடு மிகச் சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது! ஆண்டு முடிந்து பார்த்தால் 4.6. நாடு முடங்கியது மார்ச் கடைசி வாரத்தில் என்பதால், இதைக் கோவிட் தலையில் முழுதாகக் கட்ட முடியாது. மறு ஆண்டு, பழைய கடனை அடைக்கவும் இலவச தானியத்துக்குமாகச் சேர்த்து, பட்ஜெட்டில் 1,15,570 கோடியாக இருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடியானது. மறைந்திருந்த கடனை வெளியே கொண்டுவந்ததற்காக அரசைப் பாராட்டலாம். முந்தைய ஆண்டுகளில் அது மறைந்தே இருந்ததற்கு யார் பதில் சொன்னார்கள்?

கணிப்பு என்றால் பிழைக்கத்தான் செய்யும், அதற்கொரு மேற்பார்வை எதற்கு என்று கேட்கலாம். ஒரு வருடம் கூடுதலாகவும் மறு வருடம் குறைவாகவும் பிழைத்தால் கவலையில்லை. எப்போதும் அரசுக்குச் சாதகமான பக்கமே பிழைத்தால் அதைச் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) இருக்கிறாரே என்பது அடுத்த வாதம். அவர் நடந்து முடிந்த செலவைத் தணிக்கை செய்பவர். அவர் அறிக்கை வருவதற்குள் அடுத்த பட்ஜெட்டே வந்துவிடும். மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கையை நிபுணர்கள் கட்டிப்போடலாமா என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஆனால் பிரிட்டனில் 2010-இல் தொடங்கிய பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்துக்கு எந்த வரியையும் தடுக்கும் அதிகாரம் இல்லை. கணக்கை வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்தது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு அதன் கணிப்பை வெளியிடாமலேயே பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. பவுண்டு சரிந்தது, அரசுப் பத்திரச் சந்தையைத் தாங்க இங்கிலாந்து வங்கி இறங்க வேண்டியிருந்தது, அடுத்த மாதமே பிரதமர் ராஜினாமாவை அறிவித்தார். பெரிய வரி, செலவு முடிவுகளுக்கு அந்த அலுவலகத்தின் மதிப்பீடு கட்டாயம் என 2024-இல் அங்கே சட்டமும் வந்தது.

நம் நாட்டுக்கும் அப்படியொரு சுயேச்சையான நிதிக் கவுன்சில் வேண்டும் என்று, இந்தச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் குழு 2017-லேயே பரிந்துரைத்தது. அவர் தலைமையிலான 15-ஆவது நிதிக் குழுவும் அதையே சொன்னது. இப்போது மத்திய அரசு, 2031 மார்ச்சுக்குள் தன் கடனை ஜிடிபியில் சுமார் 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாகப் புது இலக்கு வைத்திருக்கிறது. இந்த விகிதத்தில் வளர்ச்சிக் கணிப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே, கடன் குறையாமல் விகிதம் மட்டும் அழகாகக் குறையும். அந்தக் கணிப்பை எழுதுவது நிதியமைச்சகம். சட்டத்தை இன்னொரு முறை திருத்துவதாக இருந்தால், கெடுவை மட்டும் மாற்றாமல் கவுன்சிலையும் அதில் சேர்க்கும்படி நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும்.