பல்கலைக்கழக நூலகக் காட்சிக்கூடமும் தமிழ் ஆவணங்களும்: சில நெறிமுறைகள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோற்றம் பெற்றது. அக்காலத்தில் தமிழ்க் கல்விக்கும் நூல் சேர்க்கைக்கும் துணையாகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். எளிய மக்களும் ஆளுக்கொரு வெள்ளியென அதற்கு ஈந்தனர். ஆகவே, பல்கலைக்கழக நூலகத்திலுள்ள தமிழ்ச் செல்வங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அவர்கள் கொடுத்ததை அவர்களுக்கே காட்டுவதாகும். அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கருத வேண்டுவது ஒளி. தாளுக்கும் ஓலைக்கும் ஒளியால் நேரும் கேடு திரும்பப் பெற இயலாதது. நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவது. இவற்றுக்கு 50 லக்ஸ் அளவே தக்கதென்பது அருங்காட்சியகத் துறையினர் பொதுவாக ஏற்ற அளவு. நாளுக்கு எட்டு மணி நேரம், 90 நாள் எனக் கொண்டால் 36,000 லக்ஸ் மணி ஆகிறது. சாதாரண வாசிப்பறையின் 300 லக்ஸ் வெளிச்சத்தில் அதே அளவு பதினைந்தே நாளில் நிரம்பிவிடும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் ஒளிபட்டு மஞ்சளாகி நொறுங்கும். இத்தகையவற்றுக்கு நகலே போதும். நகல் என்பதால் மதிப்புக் குறைவதில்லை. 1679இல் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்த தனிநாயகம் அடிகளார், 1966இல் அதன் மறுபதிப்பைக் கோலாலம்பூரில் வெளிக்கொணர்ந்தார். அந்நூலைப் பயன்படுத்திய ஆய்வாளருள் மூலத்தைத் தொட்டவர் மிகச் சிலரே.

அடுத்தது ஈரப்பதம். மேலைநாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவோர் இங்குத்தான் இடறுகின்றனர். குளிர்நாட்டில் வறட்சியும் சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியது. 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்கு இடமுண்டு. சிக்கனம் கருதி மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்திக் காலையில் இயக்கும் வழக்கம், தொடர்ந்து இயக்காமலே இருப்பதைக் காட்டிலும் சில வேளைகளில் தீயது. ஓலையும் தாளும் நாள்தோறும் விரிந்து சுருங்குவதே காரணம். ஆகவே மூடிய பேழைக்குள் சிலிக்கா மணிகளும் ஈரமானியும் வைத்து, அளவைக் குறித்துவரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

எனினும், மிகுந்த கவனம் வேண்டுவது விளக்கச் சீட்டில்தான் என்பது நம் கருத்து. 1941 ஏப்ரல், மே திங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவர். அவர் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும், துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தலும் கோரிக்கைகளுள் அடங்கும். குடியேற்ற ஆட்சியின் கோப்புகள் இதனைக் ‘குழப்பம்’ என்றே குறிக்கும். கோப்பின் தலைப்பைச் சீட்டில் அப்படியே பெயர்த்தெழுதினால், நூலகமே அச்சொல்லுக்குச் சான்றளித்ததாகிவிடும். ஆவணத்தின் சொல்லை மேற்கோளாகக் காட்டி, அது யாருடைய சொல் என்பதையும் எழுத வேண்டும். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சீட்டு அமைதல் நன்று. தமிழ்ச் சீட்டை முதலில் எழுதிப் பின் பெயர்ப்பதே முறை. தலைகீழாகச் செய்யும்போது தமிழ் ஒட்டாமல் நிற்பதைப் பலவிடத்தும் காண்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் குடும்பங்களிடம் இன்னும் ஒளிப்படங்களும் கடிதங்களும் உள. இரவலாகப் பெறும்போது பொருளின் நிலை, காப்புறுதி, திருப்பித் தரும் நாள் ஆகியன கையொப்பத்துடன் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழி நம்பிக்கை அன்பின் அடையாளந்தான். ஆயினும் கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்தபின் பேரப்பிள்ளைகளுக்குத் தாளே பேசும். கடிதத்தைக் கொடுத்தவர் அதன் பதிப்புரிமையையும் கொடுத்தவராகார். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பின்னும் பல ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கும். எனவே பேழையில் வைப்பதற்கும், அட்டவணையில் அச்சிடுவதற்கும், இணையத்தில் ஏற்றுவதற்கும் தனித்தனியே இசைவு பெறுக.

இடம், தேதி, சுவரில் ஆணி அடிக்கலாமா என்பன போன்றவற்றை அந்தந்த நூலகத்தின் விதிகளே கூறும். ஆயினும் விண்ணப்பத்துடன் பொருட்பட்டியலையும் இணைத்தால், எது மூலம், எது நகல் என்பதை நூலகரோடு அமர்ந்து தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்.