கர்ப்பப் பரிசோதனை கிட்டில் தங்கம் இருப்பது தெரியுமா?

பெரம்பலூர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்டைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோடு விழுந்தால் வீடே கொண்டாட்டம்! பல கிட்டுகளில் அந்தக் கோட்டுக்குச் சிவப்பு நிறம் தருவது தங்கம் என்பது தெரியுமா? கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே ரேபிட் டெஸ்ட், அதிலும் பெரும்பாலும் தங்கம்தான்!

மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கும்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கிவிட்டால், ஒளி பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கும்மியடிப்பதுபோல ஒரே தாளத்தில் ஊசலாடும். பச்சை ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். இந்த ஆட்டத்தின் பெயர் பிளாஸ்மான். இதை ஆராயும் துறை பிளாஸ்மானிக்ஸ்!

மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் தயாரித்த கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது!

அந்த நிறத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் குஸ்தாவ் மீ. ஆண்டு 1908. கட்டுரை வந்து பல பத்தாண்டுகள் அதை எடுத்துக் காட்டியவர்கள் சொற்பம். இன்றோ அதற்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்கள்! 1957-ல் காலமான மீ அந்தப் புகழைப் பார்க்கவே இல்லை.

சரி, நம் ஊர்க்காரருக்கு வருவோம். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டம்தானே? அந்தத் திருச்சியின் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை, லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசினில் வெளிவந்தது 1906-ல். அப்போது அவர் சென்னை பிரசிடென்சி கல்லூரி மாணவர். வயது 18!

1928 பிப்ரவரி 28. சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுவதை ராமன் உறுதிசெய்தார். கூடவே உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் ராமன் விளைவு எனப்படும் இதைப் பற்றி 700-க்கும் மேல் கட்டுரைகள் வந்து குவிந்தன! இணையமா, இமெயிலா? கப்பல் தபால் காலம் அது!

ஆனால் ஒரு சிக்கல். அப்படி நிறம் மாறிய ராமன் ஒளி மிக மிக மங்கல். தீர்த்துவைத்தது யார் தெரியுமா? அதே பிளாஸ்மான்தான்! 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளெய்ஷ்மன் குழு, சொரசொரப்பான வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளிலிருந்து எதிர்பாராத வலுவான ராமன் ஒளியைக் கண்டது. பரப்பு கூடியதால் வந்த வலு என்று நினைத்தார்கள். 1977-ல் ஆய்வாளர்கள் ஜீன்மேரும் வான் டைனும் கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியும் சுமார் 10 லட்சம் மடங்கு கூடியிருந்தது! வெள்ளிப் பரப்பின் பிளாஸ்மான் ஆட்டம் செய்த வேலை அது. 1997-ல் ஒற்றை மூலக்கூறையே இந்த முறையில் பார்த்துவிட்டார்கள்.

மீயின் கட்டுரைக்கு வந்ததுபோன்ற மேற்கோள்களை எண்ணி, இன்று ஆய்வாளரை எடைபோட ஹெச்-இன்டெக்ஸ் பார்க்கிறார்கள். 20 கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 மேற்கோள் இருந்தால் ஹெச் 20. அமெரிக்க இயற்பியலாளர் ஹிர்ஷ் இந்தக் கணக்கைச் சொன்னதே 2005-ல்தான்! வேடிக்கை என்னவென்றால், தன் பெயரே கருவிக்கும் முறைக்கும் ஆகிவிட்ட ராமனின் 1928 கட்டுரையை இன்று அடிக்குறிப்பில் சேர்ப்பவர்கள் குறைவு. ஊரறிந்த உண்மைக்கு எதற்கு அடிக்குறிப்பு என்று விட்டுவிடுகிறார்கள்!

பெரம்பலூர், அரியலூர் கல்லூரி மாணவர்களே! ஒரு பேராசிரியரின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளக்கவும் வேண்டாம், உதட்டைப் பிதுக்கவும் வேண்டாம். அவர் எழுதியதில் ஒரு கட்டுரையையாவது முழுசாகப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்!