குழாய்க்குள் ஒளிந்திருக்கும் வரிகள்

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு ‘வரி’ என்றதும் அரசுக்குச் செலுத்தும் வரியே நினைவுக்கு வரும். அண்மையில் என் வீட்டு ஏ.சி.யைப் பழுதுபார்க்க வந்த இளைஞர் வேறொரு வரியைக் காட்டினார். கசிவு கண்ட சுருளிலிருந்து அறுத்த செப்புக் குழாயின் உட்புறம் முழுவதும் திருகு போன்ற நுண்ணிய வரிகள். “உள்ளே வழவழப்பான குழாய் கொண்ட சுருளும் உண்டு, விலை குறைவு” என்றார். தடையின்றி ஓடும் குழாய்தானே நல்லது என்று எண்ணினேன். அது தவறு.

அறைக்குள் இருக்கும் சுருளில் குளிர்பதன நீர்மம் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே அக்குழாயில் நீர்மமும் வாயுவும் சேர்ந்தே ஓடுகின்றன. ஓட்டம் மெதுவாக இருந்தால் நீர்மம் அடியில் தேங்க, வாயு மேலே செல்லும். விரைவானால் நீர்மம் சுவர் முழுவதும் வளையமாகப் படர, வாயு நடுவே பாயும். நீர்மம் தொடாத மேற்சுவர் மிகக் குறைந்த வெப்பத்தையே ஏற்கும். அந்தச் செம்புக்குக் கொடுத்த விலை பெரிதும் வீண்.

வரிகள் இதைத்தான் மாற்றுகின்றன. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவான இத்தகைய குழாய்களில், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் உயர முகடுகள் சுற்றளவில் ஐம்பது, அறுபது இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர்மம் பள்ளங்களின் வழியே மேலேறுகிறது. திருகமைப்பு அதைச் சுழற்றியும் விடுகிறது. இதனால் குறைந்த வேகத்திலேயே வளைய ஓட்டம் அமைகிறது. உட்பரப்பு சுமார் ஒன்றரை மடங்காகவே கூடினாலும், வெப்பப் பரிமாற்றத் திறன் பல சூழல்களில் இரு மடங்கைத் தாண்டுவது இதனால்தான். உராய்வு சற்றுக் கூடும் என்பது இதற்கான விலை. அனல்மின் கொதிகலன்களிலும் இத்தகைய வரிக்குழாய்கள் உண்டு. அங்கே அவை நீரைச் சுவரை நோக்கித் தள்ளி, நீராவிப் படலம் சூழ்ந்து குழாய் சூடேறி வெடிக்காமல் காக்கின்றன.

பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். குழாயின் உட்புறத்தைவிட இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா? 2010 முதல் ஏ.சி.களுக்குக் கட்டாயமான நட்சத்திரக் குறியீடு இக்குறையை ஓரளவு தீர்த்தது. குழாயின் உள்ளே பார்க்க இயலாத நுகர்வோர், மின்சிக்கனத்தையாவது ஒப்பிட முடிகிறது.

ஆனால் அக்குறியீடு புதிய இயந்திரத்துக்கானது. சுருளை மாற்றி வழவழப்பான குழாயைப் பொருத்தினாலும் முகப்பில் ஐந்து நட்சத்திரங்கள் அப்படியே மின்னும், மின்கட்டணம்தான் உயரும். உதிரிச் சுருள்களிலும் குழாயின் வகையைக் குறிப்பிட வேண்டும் என்று விதி வகுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதுவரை, சுருளை மாற்றும்போது ‘உள்ளே வரி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். மனமுவந்து ஏற்கத்தக்க வரி இது ஒன்றுதான்.