தொட்டிக் கடலில் திடீர் விஷம்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வீட்டிலேயே பவளம் வளர்க்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குட்டிக் கடல்! (நம் நாட்டில் கல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.)

ஒருநாள் காலை. நேற்று வரை துள்ளி விளையாடிய மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து தவிக்கின்றன. பூப்போல விரிந்திருந்த பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. என்ன நடந்தது?

பெரும்பாலும் பாறை இடுக்கில் மீனோ நத்தையோ செத்து அழுகியிருக்கும். அதிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விஷம் அது! பாறையிலும் மணலிலும் வாழும் நுண்கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அளவு திடீரென்று மிஞ்சினால் அவற்றாலும் முடியாது.

முதல் வேலை, செத்ததைத் தேடி எடுப்பது. நத்தை என்றால் மூக்கே கண்டுபிடித்துவிடும்! இரை போடக்கூடாது. காற்றுக் குழாய் நன்றாக ஓட வேண்டும்.

அடுத்து, தொட்டி நீரில் கால் பங்கு முதல் பாதி வரை மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். பதற்றத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள்! அதில் குளோரின் உண்டு. கடல் உப்பு கிடையாது. பவளத்துக்கோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும். சூடும் பழைய நீரின் சூடாகவே, சுமார் 25 டிகிரி செண்டிகிரேடு, இருக்க வேண்டும். அதனால் அனுபவசாலிகள் ஒரு பீப்பாய் உப்புநீரை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள்.

செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் ஊற்றவே கூடாது. மீன் பிழைத்தாலும் பவளம் செத்துவிடும்!

பிறகு தினமும் நீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியா பூஜ்யம் ஆகும் வரை நீர் மாற்றுவதை நிறுத்தக்கூடாது. சுருங்கிய பவளம் மறுபடி விரியச் சில நாட்கள் ஆகலாம்.