ஒலிக்காத கட்டை

பியானோ முன் முதன்முதலாக உட்காரும் குழந்தை ஓங்கித்தான் குத்தும். குத்தட்டும். பிறகு அதே கட்டையை மெல்ல, மிக மெல்ல அமுக்கச் சொல்லுங்கள். கட்டை அடிவரை இறங்கிவிடும், ஒலியே வராது. வாத்தியம் கெட்டுவிட்டதோ என்று குழந்தை நிமிர்ந்து பார்க்கும். அதுதான் முதல் பாடம்.

கட்டை ஒரு நெம்புகோல். விரல் பக்கம் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், உள்ளே கம்பளி பொதிந்த சுத்தியல் நாலைந்து சென்டிமீட்டர் பாய்கிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி அதைக் கைவிட்டுவிடும். மிச்ச தூரத்தை எறிந்த கல்லைப்போல அது தானே கடக்க வேண்டும். விரல் மெதுவாக இறங்கினால் அந்த வேகம் போதாது. அடித்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது. இந்தப் பொறியை 1700ஐ ஒட்டி ஃபுளோரன்ஸில் உருவாக்கியவர் பார்த்தொலொமியோ கிறிஸ்தோஃபோரி. அதற்கு முந்திய ஹார்ப்சிகார்டில் இறகுக் காம்பு கம்பியைச் சுண்டும். குத்தினாலும் தடவினாலும் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றே.

மொத்தம் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. குழந்தைக்கு வழிகாட்டி கறுப்புதான். அவை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நிற்கின்றன. இரட்டைக்கு இடப்பக்கத்து வெள்ளைதான் ‘ஸி’. நம் பாடகர்கள் சொல்லும் ‘ஒரு கட்டை’ சுருதியும் அதுவே, ஆர்மோனியம் வழியே வந்த கணக்கு. ‘அரை’ என்றால் கறுப்பு. மூன்றாம் கட்டைக்கும் நாலாம் கட்டைக்கும் நடுவே கறுப்பு இல்லை; அதனால்தான் யாரும் மூன்றரைக் கட்டையில் பாடுவதில்லை!

இடத்தைக் கண்டுபிடிப்பது சில நாள் வேலை. ஐந்து விரலையும் ஒரே வேகத்தில் இறக்கப் பழகுவதற்கு வருடங்கள் ஆகும். கையை மேசையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அசையாது. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்து கிடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை வாசிக்கும்போது நாலாவதாக வரும் சுரம் மட்டும் தேய்ந்து ஒலிப்பதற்குச் சோம்பல் காரணமல்ல.

1720இல் இசையமைப்பாளர் பாக், தன் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமனுக்காக ஒரு பாட நோட்டைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே ஒரு சிறு பயிற்சி. சுரங்களுக்கு மேல் விரல் எண்கள். அதில் நடுவிரலும் அந்த மோதிர விரலும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஏறுகின்றன.