உங்களுக்குத் தெரியுமா? மூளை களைத்தால் உடலும் ஓயும்!
1971இல் வல்வெட்டித்துறை நீச்சல் வீரர் வி. எஸ். குமார் ஆனந்தன் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றவரும் இவரே! வெறும் தசைவலிமையா அது?

2009இல் ஆய்வாளர் சாமுவேலே மார்கோரா குழுவினர், 16 பேருக்கு 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை கொடுத்துவிட்டுச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அந்த வேலை இல்லாத நாளில் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள், அன்று 11 நிமிடத்துக்குள் ஓய்ந்தார்கள். இதயமும் தசையும் வழக்கம்போலத்தான் இயங்கின. மிதிப்பதுதான் கடினமாகத் தோன்றியது. மூளையை வேண்டுமென்றே களைக்க வைத்துப் பழக்கும் பயிற்சி இந்த ஆய்விலிருந்து வளர்ந்தது.

திருகோணமலைக் கடலில் நீந்திப் பழகும் பிள்ளைகளே, கணக்குப் பரீட்சை எழுதிய கையோடு நீந்தும்போது நேரம் கூடினால், பாவம், கைகளைத் திட்டாதீர்கள்!