கடலுக்குப் போற தண்ணி வீணா?

போடிமெட்டு உச்சியில் பெய்யும் மழை மேற்கே சரிந்தால் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே சரிந்தால் கொட்டகுடி ஆறு, வைகை, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை கிராமத்தில் பாக் விரிகுடாவைத் தொடும். பல வருசம் தொடுவதே இல்லை.

அப்படி ஒரு வருசம் போய்ச் சேர்ந்துட்டா, ‘தண்ணி வீணா கடல்ல கலக்குது’ன்னு முதலில் சத்தம் போடுறது விவசாயிகள் நாமதான். கடற்கரைக்காரங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க! நல்ல தண்ணி கலக்கும் முகத்துவாரத்தில்தான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளருது. ஆறு வராவிட்டால் முகத்துவாரத்தை மணல் மேவிடும், உப்பு உள்ளே ஏறும்.

ஆனால் தண்ணி வந்தால் மட்டும் போதாது, எப்படி வருதுங்கிறதும் முக்கியம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் தரையில் வளரும் கடற்புல்லுக்கு நம்ம பயிர் மாதிரியே வெயில் வேணும். கலங்கல் தண்ணி வெயிலை மறைக்கும். அந்தப் புல்லை மேய்கிற கடற்பசுவுக்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் காப்பகம் அறிவிச்சாங்க. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்கா ஆயிடுச்சு. இருந்தும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளப்பாறை வெளுத்தது. எல்லைக்கோடு சூட்டைத் தடுக்காது. ஆனால் வண்டலும் உர நீரும் சேராத இடத்தில் பவளம் தேறி எழ வாய்ப்பு அதிகம். காப்புத் திட்டத்தின் வரைபடம் கரையோடு நிற்கக்கூடாது, ஆறு ஏறிப் போற வரை போகணும் என்பது என் எண்ணம்.

நம்ம சரிவு மண் பெரும்பாலும் கடல் வரை போறதில்லை, வைகை அணையிலேயே படியுது. 1959-ல் திறந்த அணையில் வண்டல் ஏற ஏற, தண்ணி நிற்கும் இடம் குறையுது. ஆக, முதல் நட்டம் நமக்குத்தான்.

ஏலத்தோட்டத்தில் பலா, சந்தன வேம்பு நிழலை மொட்டையா வெட்டி, களைக்கொல்லியில் தரையை வழிச்சு வெச்சா, ஒரே ஐப்பசி மழைக்கு மேல்மண் போயிடும், அடிச்ச மருந்தையும் சேர்த்துக்கிட்டு. கழித்த கிளையையும் சருகையும் தூரைச் சுத்தி மூடாக்காப் போடுங்க. சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு, அதை ஒட்டி வெட்டிவேர்.

அடுத்த கனமழையில் மூடாக்குப் போட்ட இடத்துக்குக் கீழே ஒரு பாட்டில், வெறும் தரைக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சு ராத்திரி தெளிய வையுங்க. காலையில் எதில் எத்தனை விரற்கடை மண்ணுன்னு அளந்து எழுதி அனுப்புங்க.